வன்னி வழிகள் – 4: சங்குப்பிட்டிக்கு அப்பால்

போன முறை பரந்தனோடு நிறுத்தியிருந்தேன். இம்முறை யாழ்ப்பாணப் பக்கமிருந்து பூநகரிக்குள் நுழைகிறேன். நாவற்குழியில் திரும்பி ஏ-32 வீதியில் கேரதீவுவரை போனால், முன்னால் கடல்நீரேரி. முன்பெல்லாம் இதைக் கடக்கப் 'பாதை' வரவேண்டும். வாகனத்தையும் சனத்தையும் சேர்த்து ஏற்றும் தட்டையான மிதவை அது. 2011 ஜனவரி 16இல் 288 மீற்றர் நீளச் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் மன்னாருக்கு விரைகிறவர்கள் அதே வேகத்தில் பூநகரியையும் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்.

கிளிநொச்சி மாவட்டத்தின் மூன்று பிரதேச சபைகளில் இது ஒன்று. வடக்கே கௌதாரிமுனை மணல்மேடுகள், தெற்கே முழங்காவில், நாச்சிக்குடா. மேற்கே முழுக்கக் கடல். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரிவாக்கிய கோட்டை வீதியோரம் சிதைந்து நிற்கிறது. ஆனால் ஊரின் வயது கோட்டையைவிடப் பன்மடங்கு. கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களையும் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் இந்த மண்ணில் கண்டு எழுதியவர் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம்.

பூநகரி என்றால் மொட்டைக்கறுப்பன். சிவத்த அரிசி, யாழ்ப்பாணத்துச் சந்தையில் ஊர்ப்பெயர் சொல்லித்தான் விற்பார்கள். வயல்கரையில் ஒரு பெரியவர் மண்ணைக் கிள்ளிக் காட்டினார்.

"இரணைமடுத் தண்ணி இஞ்சை வராது தம்பி. புழுதியிலை விதைச்சுப்போட்டு வானத்தைப் பாக்கிறதுதான். ஒரு போகம், அவ்வளவுதான்."

"குடிக்கிறதுக்கு?"

"கிணறு உவர். பவுசர் வரவேணும்."

அவர் மனைவி செம்பில் தண்ணீர் தந்தார். அது எவ்வளவு தூரம் வந்த தண்ணீர் என்று தெரிந்தபின் ஒரு துளியும் மிச்சம் வைக்க மனம் வரவில்லை. சபைக்கு வருகிற எந்தத் திட்டமும் இந்தச் செம்பிலிருந்து தொடங்கவேண்டும்.

மாலையில் இரணைமாதாநகர். 1992இல் இரணைதீவிலிருந்து பெயர்ந்தவர்கள் 2017 மே 1இல் இங்கே போராட்டப் பந்தலிட்டார்கள். முன்னால் அமர்ந்தவர்கள் பெண்கள். ஏறத்தாழ ஒரு வருடம் காத்திருந்தும் பதில் வராததால், 2018 ஏப்ரல் 23இல் தாமே வள்ளங்களில் ஏறித் தீவுக்குப் போய்விட்டார்கள். கரையில் நண்டு வலை தெரிந்துகொண்டிருந்த அக்கா ஒருவரிடம் தீவுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன்.

"விடிய வாங்கோ. வள்ளம் போகும்."

அடுத்த முறை இரணைதீவு.