நோய்ப் படுக்கையின் அருகிலே

விழா மலரென்றால் தாபகர் வரலாறும், அதிபர்மார் புகழும், துடுப்பாட்ட வெற்றிகளும் இடம்பெறுதல் மரபு. அவற்றை எழுத வல்லார் பலர் உளர். நாம் ஈண்டு எழுதப் புகுவது மூளையிலே தோன்றும் புற்றுநோயைப் பற்றியும், அந்நோயாளரைப் பராமரிப்போர் இணையத்தின் வழியே அறிவும் ஆறுதலும் தேடுமாற்றைப் பற்றியுமாகும். மங்கல மலரிலே இஃது எதற்கு என்பார்க்கு ஒரு விடை உண்டு. எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவரும், பின்னர்க் கணித ஆசிரியராய் விளங்கியவருமாகிய தோழர் ஒருவர் இந்நோயினால் 2024 மாசியில் மறைந்தார். அவர் நோயுற்றிருந்த பதினெட்டு மாதமும், வகுப்புத் தோழராகிய நாம் நால்வர் அவர்தம் மனைவியாரின் பொருட்டு இரவுதோறும் தேடியும் மொழிபெயர்த்தும் வந்தோம். எம்மில் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில், இருவர் யாழ்ப்பாணத்தில். ஒருவர் உறங்கும்போது மற்றொருவர் விழித்திருந்தார். நாட்டுக்கு நாடு நேரம் வேறுபடுதல் இவ்விடயத்தில் வசதியாயிற்று.

எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டு ஆவணியிலே, முற்றத்தில் நின்றவர் வலக்கை இழுத்துக்கொள்ள வீழ்ந்தார். அயலார் ஓடிவந்து கையில் இரும்புத் திறப்பைக் கொடுத்தனர். செய்வினை என்றாரும் உளர். படம் பிடித்துப் பார்த்தபோது மூளையின் இடப்புற முன்பகுதியிலே கட்டி. கொழும்பிலே சத்திர சிகிச்சை நிகழ்ந்தது. பரிசோதனை முடிவு கிளையோபிளாஸ்ரோமா, நான்காந் தரம் என வந்தது. நூறு பேர் காத்திருக்கும் கிளினிக்கிலே வைத்தியர் ஒருவருக்கு ஐந்து நிமிடமே ஒதுக்க இயலும். அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அவ்வைந்து நிமிடத்தில் மனைவியாரின் செவியில் வீழ்ந்தது "கட்டி" என்ற சொல் ஒன்றே. அன்றிரவு அவர் எம்மிடம், "அண்ணை, அந்த வருத்தத்தின்ரை பேரை ஒருக்கால் எழுதித் தாங்கோ" என்றார். எமது தேடல் அப்பெயரிலிருந்தே தொடங்கிற்று.

பெயரைத் தட்டியவுடன் முதலில் எதிர்ப்படுவது எண். 2005ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றிலே 573 நோயாளர் சேர்க்கப்பட்டனர். கதிர்ச் சிகிச்சை மாத்திரம் பெற்றோரின் ஆயுள் இடையம் 12.1 மாதம், அதனுடன் டெமோசோலமைட் என்னும் மருந்தும் பெற்றோருக்கு 14.6 மாதம். இன்றும் இந்நோய்க்குரிய வழக்கமான சிகிச்சை அவ்வாய்விலிருந்து பிறந்ததே. இவ்வெண்ணைத் தோழருக்குக் காட்டுவதா, மறைப்பதா என்று நாம் இரு வாரம் விவாதித்தோம். எம் சமூகத்தில் மறைப்பதே வழக்கம். நோயாளி ஒருவருக்கே தம் நோயின் பெயர் தெரியாதிருக்கும் வீடுகளை நாம் அறிவோம். விவாதம் முடியுமுன்னரே அவர் தாமாகவே தம் கைத்தொலைபேசியில் அதனைக் கண்டுவிட்டார். சொற்கள் தடுமாறிய நிலையிலும் எம்மை அழைத்து, "ஐசே, இது இடையோ, இடையமோ? வடிவாய்ப் பார்த்துச் சொல்லும்" என்றார். இடையம் என்றோம். "அப்ப பாதிப் பேர் அதுக்கு அங்காலை" என்றார். அவர் கணித்தது சரியே. அதே ஆய்வில் மருந்து பெற்றோருள் இரண்டாண்டு கடந்தும் வாழ்ந்தோர் நூற்றுக்கு 26.5, ஐந்தாண்டு கடந்தோர் 9.8. அமெரிக்க அறிஞர் ஸ்டீவன் ஜே கூல்ட் வேறொரு புற்றுநோயுற்று, இடையம் எட்டு மாதம் என்று நூல்களிற் கண்டபோது இவ்வாறே சிந்தித்து 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன்பின் 2002 வரை வாழ்ந்தார். அக்கட்டுரையை நாம் தோழருக்கு வாசித்துக் காட்டினோம். பத்தாம் வகுப்புப் புள்ளிவிபரம் எதற்கு உதவும் என்று அக்காலத்தில் முணுமுணுத்தோர் இதனைக் கவனிப்பாராக.

எண்ணைக் காட்டிலும் அது எழுதப்பட்ட ஆண்டு முக்கியம் என்பதையும் அறிந்தோம். 2021ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் மூளைக்கட்டிகளின் வகைப்பாட்டைத் திருத்தியது. ஐ.டி.எச். என்னும் மரபணுவில் மாற்றமுள்ள, ஒப்பளவில் நீண்ட ஆயுள் தரும் கட்டிகள் கிளையோபிளாஸ்ரோமா என்ற பெயரிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே அதற்கு முன் எழுதப்பட்ட பக்கங்களில் ஒரே பெயரின் கீழ் இரு நோய்கள் கலந்துள்ளன. அவ்வாறே, அம்மாற்றமுள்ள இரண்டாந் தரக் கட்டிகளுக்கு வொராசிடெனிப் என்னும் மருந்தை அமெரிக்கா 2024 ஆவணியில் அங்கீகரித்தது; பழைய பக்கங்களில் அதன் பெயரே இராது.

இவையெல்லாம் வைத்தியர் அறிவு. பராமரிப்பவருக்கு வேண்டியது வேறொன்று: நாளைக் காலையில் என்ன நடக்கும் என்பது. அதனை அறிந்தோர் முன்பு அவ்வழி நடந்தவரே. சிக்காகோவிலே மூளைக்கட்டியுற்ற பிள்ளைகளின் தாய்மார் இருவர் 1973இல் தொடங்கியதே பின்னாளில் அமெரிக்க மூளைக்கட்டிச் சங்கமாயிற்று. கனடாவில் 1982 முதல் இத்தகைய நிறுவனம் ஒன்று உண்டு. இவர்களின் வெளியீடுகளிலும், முகமறியாத மனைவியரும் மக்களும் நள்ளிரவில் இணையத்தில் எழுதிக்கொண்டவற்றிலும் நாம் கண்ட நுணுக்கங்கள் பல. வீக்கத்தைக் குறைக்கத் தரும் டெக்சாமெதசோனைக் காலையிற் கொடுத்தால் இரவுத் தூக்கம் கெடாது. அது பசியையும் சர்க்கரையையும் ஏற்றும். தொடைத் தசையைத் தளர்த்துமாதலின் தாழ்ந்த கதிரை ஆகாது. வைத்தியரைக் கேளாது ஒருநாளும் திடீரென நிறுத்தலாகாது. டெமோசோலமைட்டை வெறும் வயிற்றில், வாந்தித் தடுப்பு மருந்துக்குப் பின் விழுங்குதல் நன்று, உறையைப் பிரித்தலாகாது. வலிப்பு வந்தால் பக்கவாட்டிற் கிடத்தி, வாயில் ஒன்றும் வையாது, மணிக்கூட்டைப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடம் கடந்தால் 1990. திறப்பு வேண்டியதில்லை.

யாவற்றினும் பெரிதாய் உதவியது ஒன்று. வாழ்நாளில் மனைவியை அதட்டியறியாத அம்மனிதர், தேநீர் சூடில்லையென்று கோப்பையை எறிந்தார். அம்மையார் அதனைத் தம் குற்றமென்றே கொண்டு அழுதார். மூளையின் முன்பகுதியில் வளரும் கட்டி குணத்தையே மாற்றவல்லது என்றும், இதே கோப்பையை எறிந்த கணவன்மார் பிற நாடுகளிலும் உளர் என்றும் நாம் மொழிபெயர்த்து வாசித்த அன்று, அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "அப்ப அது அவரில்லை" என்றார். எந்த மருந்துச் சீட்டிலும் எழுதப்படாத செய்தி இது.

இணையத்திலே குப்பையும் மலிந்துள்ளது. முள் அன்னமுன்னா இலைக் கசாயம் கட்டியைக் கரைக்கும் என்றும், சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினியால் மாளும் என்றும் உறவினர் நாள்தோறும் அனுப்பினர். அன்பினால் அனுப்பியவரோடு வாதிடுதல் கடினம். சொல்பவர் எதையேனும் விற்கின்றாரா என்று முதலிற் பார்த்தோம். பாதி அதிலேயே கழிந்தது.

நாம் தேடிய நாளில் தமிழிலே இந்நோய்பற்றிய நல்ல விளக்கம் அரிதாகவே அகப்பட்டது. ஆதலால் நாம் மொழிபெயர்த்தவற்றை அம்மையார் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிவந்தார். மருந்தின் நேரம், வலிப்பின் நிமிடம், வைத்தியரிடம் கேட்க வேண்டிய வினா என யாவும் அதில் உள. நிழற்படப் பிரதிகள் இப்பொழுது பல வீடுகளுக்குச் சென்றுள்ளன. மாலை விளக்கேற்றியபின் வவுனியாவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அவருக்கு அழைப்புகள் வருகின்றன. கட்டி எந்தப் பக்கம் என்பதே அவர் முதலிற் கேட்கும் வினா. பேச்சுப் போகுமா, எந்தக் கை போகும் என்பது பெரும்பாலும் அதிலேதான் தங்கியிருக்கின்றது.