செடி தண்ணீர் குடிக்கும் காட்சி

ஸ்விட்ஸர்லாந்து என்றதும் நமக்குப் பனிமலையும் கொழுத்த பசுக்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால் வில்லிகன் என்ற சிற்றூரில் உள்ள விசேஷமே வேறு. மண்ணுக்கடியில் வேர் தண்ணீர் குடிப்பதை அங்கே படம் பிடிக்கிறார்கள்!

சூரிச்சில் ரயிலேறி, ப்ரூக் நகரில் இறங்கி, மஞ்சள் நிறத் தபால் பஸ்ஸில் போக வேண்டும். ஆரே நதியின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கிறது பால் ஷெரர் ஆராய்ச்சி நிலையம். 1988-ல் ஏற்பட்டது. இரண்டு கரைகளையும் ஒரு பாலம் இணைக்கிறது.

வாடிய செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் அறுந்து போகும். பிடுங்காமல் பார்ப்பது எப்படி? எக்ஸ்ரேயை ஈயம் தடுத்துவிடும் அல்லவா? 1932-ல் சாட்விக் கண்டுபிடித்த நியூட்ரானின் குணம் நேர் எதிர். ஈயத்தை எளிதில் ஊடுருவும். ஆனால் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனிடம் சிக்கிக்கொள்ளும். ஆகவே படத்தில் ஈரமான வேர் கறுப்பாகத் தெரிகிறது.

இந்த நியூட்ரான்கள் எங்கிருந்து வருகின்றன? புரோட்டான்களை ஒளியின் வேகத்தில் சுமார் 80 சதவிகித வேகத்துக்கு விரட்டி, ஈயத்தில் மோத விடுகிறார்கள். அந்த மோதலில் நியூட்ரான்கள் சிதறி வருகின்றன. 1996 முதல் அங்கே நியூட்ரான்களை உண்டாக்கி வருகிறார்கள்.

மெல்லிய அலுமினியப் பெட்டியில் மணல் நிரப்பி, லூபின் என்ற பயறு வகைச் செடியை வளர்த்தார்கள். வேருக்குக் 'கன நீர்' கொடுத்தார்கள். பார்வைக்குச் சாதாரணத் தண்ணீர்தான். ஆனால் படத்தில் வெளுப்பாகத் தெரியும். வெளுப்பு நகரும் வழியே தண்ணீர் போகும் வழி! 2013-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? பெரும்பாலும் தண்ணீரைக் குடிப்பவை பக்க வேர்களே. நடுவிலுள்ள ஆணிவேர், அவை கொண்டு வருவதைச் சேர்த்து மேலே அனுப்புகிறது. வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவர், பெட்டிச் சாவி இன்னொருவரிடம் என்பது போல!

நியூட்ரான் படங்கள் இன்னொரு ரகசியத்தையும் காட்டின. வேர் தன்னைச் சுற்றி ஒருவிதப் பசையைக் கசியவிடுகிறது. மண் உலரும்போது அந்தப் பசை ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதுவே அடியோடு காய்ந்துவிட்டால் தண்ணீரை ஒட்டவிடாது. சுற்றிலும் மண் நனைந்த பிறகும், வேரை ஒட்டிய மண் மட்டும் சிறிது காலம் உலர்ந்தே இருக்கும்.

ஆகவே, ஊரிலிருந்து திரும்பியதும் காய்ந்த தொட்டியில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "இன்னும் நிமிரவில்லையே!" என்று செடியைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பொறுத்துப் பாருங்கள். வேரின் தாகம் தீரச் சற்று நேரம் பிடிக்கும்.