நல்ல தண்ணி

உளஇயக்கவியல் ஆலோசனையில் பட்டமேற்படிப்புப் பயில விரும்பும் மாணவர்கள் சிலர், அப்படிப்பு எத்தகையது என்று அண்மைக்காலமாக எனக்கு எழுதிக் கேட்கின்றனர். தனித்தனியே மறுமொழி எழுதுவதைவிட இங்கே ஒருமுறை விரிவாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

இப்பயிற்சிக்கு மூன்று கூறுகள் உண்டு. கோட்பாட்டுக் கல்வி ஒன்று. மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில், ஆலோசனை நாடி வருவோரைச் சந்திப்பது மற்றொன்று. பயில்பவர் தாமே ஒரு சிகிச்சையாளரின் முன் வாரந்தோறும் அமர்ந்து தம் மனத்தைத் திறப்பது மூன்றாவது. 1920களில் பெர்லினில் உருப்பெற்ற இந்த அமைப்பு, சிற்சில மாற்றங்களுடன் இன்றும் தொடர்கிறது. பிறர் சொல்லாமல் விடுவதைக் கேட்க விழைபவர், தாம் சொல்லாமல் விட்டது எது என்று முதலில் அறிந்திருக்க வேண்டும் என்பதே மூன்றாவது கூறின் அடிப்படை. என்னிடம் ஆலோசனைக்கு வந்தோரைப் பற்றி ஒரு சொல்லும் எழுத எனக்கு உரிமையில்லை. ஆகவே, என்னைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

முதற்பருவத்தில் நாங்கள் படித்தது 'அன்னா ஓ' என்ற பெண்ணின் வரலாறு. 1880 முதல் 1882 வரை வியன்னாவில் யோசப் பிராயர் என்ற மருத்துவர் அவருக்குச் சிகிச்சையளித்தார். பிராயரும் பிராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் அது இடம்பெற்றது. தாய்மொழியான ஜெர்மனைப் பேசும் ஆற்றலை இழந்து, சிலகாலம் ஆங்கிலம் மட்டுமே பேசியவர் அவர். இத்துறைக்குப் 'பேச்சு மருத்துவம்' என்ற பெயரை அளித்தவரும் அவரே. அதையும் ஆங்கிலத்திலேயே அளித்தார். ஒரு கோடையில் ஏறத்தாழ ஆறு வாரங்கள் அவரால் தண்ணீர் குடிக்க இயலவில்லை. தம் துணைப்பெண்ணின் நாய் ஒரு குவளையிலிருந்து நீர் குடித்ததைக் கண்டு, தமக்கு எழுந்த அருவருப்பை அடக்கிக்கொண்டதைச் சொல்லி முடித்ததும், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வகுப்பில் அனைவரும் வியந்தனர். எனக்கு எரிச்சலே மிஞ்சியது. எங்கள் ஊரில் தண்ணீர் குடிக்க இயலாமற்போனதற்குக் காரணம் எவருடைய மனத்திலும் இல்லை.

என் ஊர் பெருமாட்டி. பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டியிருப்பது. வீட்டில் தமிழும் அலுவலகங்களில் மலையாளமுமாக வாழ்பவர்கள் நாங்கள். பிளாச்சிமடை இந்த ஊராட்சியைச் சேர்ந்ததே. அங்கு 2000ஆம் ஆண்டில் ஒரு குளிர்பான ஆலை இயங்கத் தொடங்கியதும், கிணற்று நீர் கெட்டதென்று 2002 ஏப்ரல் 22 அன்று பழங்குடி மக்கள் போராட்டம் தொடங்கியதும், 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததும், 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றதும் பலரும் அறிந்தவை. போராட்டத்தின் முகமாக விளங்கிய மயிலம்மா 2007இல் மறைந்தார். அப்போராட்டம் தொடங்கிய ஆண்டில் எனக்கு ஏழு வயது.

என் சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாது. முதல் சில மாதங்கள் நான் இவற்றையெல்லாம் பிழையற்ற ஆங்கிலத்தில், ஆண்டு வாரியாக, ஆய்வுக் கட்டுரை வாசிப்பதுபோல் அவரிடம் சொல்லி வந்தேன். ஒருநாள் ஒரு கனவைச் சொன்னேன். கிணற்றில் குடத்தை இறக்குகிறேன், கயிறு போய்க்கொண்டேயிருக்கிறது, குடம் நீரைத் தொடும் ஓசை கேட்கவேயில்லை.

"அந்தக் கிணறு உங்கள் அம்மாவாக இருக்கலாமோ?" என்று அவர் கேட்டார்.

எனக்குச் சினம் பொங்கியது. எங்கள் ஊரில் கிணறு என்பது கிணறுதான். மக்கள் ஆண்டுக்கணக்கில் பந்தலில் அமர்ந்தது ஓர் உருவகத்துக்காக அன்று என்றேன். அடுத்த வாரம் நான் செல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் சென்றபோது அவர் தம் கருத்தை வலியுறுத்தவில்லை. அந்த நீரை வீட்டில் எந்தச் சொல்லால் குறிப்பிடுவீர்கள் என்று மட்டும் கேட்டார். "உப்புத் தண்ணி" என்றேன். அப்படியானால் மற்றதை? "நல்ல தண்ணி."

அச்சொல்லைச் சொன்னதும் அம்மாவின் குரல் கேட்டது. "நல்ல தண்ணி கொண்டாறேன், தம்பியப் பாத்துக்க கண்ணு." கிணற்று நீரில் பருப்பு வேகாமற்போன நாள்கள் அவை. விடியுமுன் குடங்களுடன் புறப்படும் அம்மா, வெயில் ஏறிய பின்பே திரும்புவார். இரண்டு வயதுகூட நிரம்பாத தம்பி அழுவான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வாசற்படியில் நிற்பேன். அன்று அந்த அறையில் நான் நெடுநேரம் அழுதேன். ஆங்கிலத்தில் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

தாய் அகன்றிருப்பதைக் குழந்தை ஓரளவு நேரம் தாங்கும். அவ்வளவைக் கடந்தால் உள்ளே ஏதோ அறுந்துபோகும் என்று எழுதியவர் டொனால்டு வின்னிகாட். அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன். ஆனால் என் சினம் எங்கே போயிற்று என்று ஒருபோதும் கேட்டுக்கொண்டதில்லை. ஆலையின்மீது சினம் கொள்ள ஊரே உடனிருந்தது. எங்களுக்காகவே தண்ணீர் சுமக்கச் சென்ற அம்மாவின்மீது எப்படிச் சினம் கொள்வது? அவர் ஒரு தவறும் செய்யவில்லையே. கிணறு கிணறுதான் என்று நான் சொன்னது சரி. அது அம்மா என்று அவர் சொன்னதும் சரி. கிணறு கெட்டதனால்தான் அம்மா போக நேர்ந்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கேட்கும் ஆலோசகர், வந்தவரின் பாதியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்.

கிரீந்திரசேகர் போஸ் வியன்னாவுக்குச் செல்லாமலேயே 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். கனவைப் பற்றி வங்காளியில் நூலும் எழுதினார். நூறாண்டுகள் கழித்து, என் கனவுக்குரிய சொல்லை நான் ஆங்கில வகுப்பறையிலிருந்து வீட்டுக்குத் திரும்பித் தேட வேண்டியிருந்தது.

இத்துறைக்கு வர விரும்புவோர்க்கு மூன்று செய்திகள். சொந்தச் சிகிச்சைக்கான கட்டணத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். கல்விக் கட்டணத்தில் பெரும்பாலும் அது அடங்காது. ஆலோசகர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு. பின்னவர்க்கு இந்திய மறுவாழ்வுக் குழுவின் பதிவு வேண்டும். உங்கள் சிகிச்சையாளருக்கு உங்கள் மொழி தெரியாவிடினும், உங்கள் சொல்லைக் கேட்டு அதற்காகக் காத்திருப்பவரா என்று பாருங்கள்.

சென்ற விடுமுறையில் அம்மாவிடம் அந்நாள்களைப் பற்றிக் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "தம்பிதான் அழுவான். நீ ஒருநாளும் அழுததில்லையே கண்ணு. அந்தத் தைரியத்துலதான் விட்டுட்டுப் போனேன்."