தொல்லை என்று பெயர்

எங்கள் தொழிலில் 'நியூசன்ஸ் டிரிப்' என்று ஒரு வார்த்தை உண்டு. காரணமே இல்லாமல் ஈ.எல்.சி.பி. டிரிப் ஆகித் தொல்லை கொடுக்கிறது என்று அர்த்தம். அந்தக் கருவியின் இன்றைய பெயர் ஆர்.சி.சி.பி. நான் பழகிய வயர்மேன்கள் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

அதற்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: போன கரண்டு முழுசாகத் திரும்பி வந்ததா? உள்ளே ஒரு வளையம். மூன்று ஃபேஸும் நியூட்ரலும் அதற்குள் நுழைந்து போகின்றன. கணக்கு நேரானால் சும்மா இருக்கும். கொஞ்சம் எர்த் வழியாக நழுவினால் விழுந்துவிடும். மேலே 100 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 50-ஐத் தாண்டினாலே அது விழலாம். இது பலருக்குத் தெரியாது.

கிள்ளான் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அங்கே ஓர் இஞ்செக்‌ஷன் மோல்டிங் மேசின் திங்கட்கிழமை காலையில் மட்டும் டிரிப் ஆகும். நாலைந்து தடவை தூக்கிவிட்டால் நிற்கும். செவ்வாயிலிருந்து சனி வரை சத்தமே இருக்காது. எனக்கு முன்னால் வந்தவர்கள் ஈ.எல்.சி.பி.யைப் புதுசாக மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். புதுசும் திங்கட்கிழமை விழுந்தது.

சூப்பர்வைசர் நம்மாள்தான். "தம்பி, இது நாலாவது வாரம். மேசின் நின்னா மேல பதில் சொல்றது நானு. பேசாம டைரக்டா குடுத்துருங்க. பிரேக்கர் இருக்குல்ல?"

இருக்கிறது. ஆனால் அது வயரைத்தான் காப்பாற்றும். ஆளைக் கொல்ல 0.1 ஆம்பியர் போதும். 63 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர் கெட்டவர் இல்லை. இதே வார்த்தைகளைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். சில இடங்களில் பேனலைத் திறந்தால், யாரோ முன்னாடியே டைரக்டாகக் கொடுத்திருப்பார்கள். அங்கெல்லாம் தொல்லை என்ற பேச்சே எழாது.

மேசின் முன்னால் ஒரு நேப்பாளிப் பையன் நின்றான். அச்சுக்குப் போகும் சில்லர் குழாய் கசிந்து, அவன் காலடி ஈரமாக இருந்தது. "தெப்பி சிக்கிட்" என்று தள்ளி நிற்கச் சொன்னேன்.

எர்த்தை விட்டுவிட்டு மற்ற நான்கு வயர்களையும் சேர்த்து லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரால் பிடித்தேன். இன்வெர்ட்டர்கள் ஓடும்போது 28 மில்லி ஆம்பியர். இது நோய் இல்லை. அவற்றின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எப்போதும் கொஞ்சம் எர்த்துக்கு விடும். மோட்டார் கேபிள் நீளமானால் இன்னும் கூடும். ஹாட் ரன்னர் ஹீட்டர்களைப் போட்டேன். 65-ஐத் தொட்டு, விழுந்தது.

அச்சுக்குள் விரல் பருமனில் எட்டு கார்ட்ரிட்ஜ் ஹீட்டர்கள். கம்பிச் சுருளுக்கும் உலோக உறைக்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு தூள். நல்ல இன்சுலேஷன்தான், ஆனால் ஈரத்தை இழுக்கும். சனி இரவு மேசின் ஆறுகிறது; ஞாயிறு முழுக்க நம் ஊர்க் காற்று உள்ளே ஏறுகிறது. மெகர் வைத்துப் பார்த்தால் மூன்று ஹீட்டர்கள் 0.02 மெகா ஓம் காட்டின. 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் ஒவ்வொன்றும் 11 மில்லி ஆம்பியருக்கு மேல். சூடானதும் ஈரம் போய்விடும். செவ்வாய்க்கிழமையின் அமைதி அப்படி வந்தது.

கன்ட்ரோலரில் 'சாஃப்ட் ஸ்டார்ட்' இருந்தது. குறைந்த வோல்ட்டில் மெதுவாகச் சூடாக்கி ஈரத்தை விரட்டுவதற்கென்றே வைத்தது. யாரோ அணைத்திருந்தார்கள். கால் மணி நேரம் மிச்சமாம்.

இன்னொன்றும் சொன்னேன். புதுசாக மாட்டியது டைப் ஏ.சி. மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டர் பழுதானால் கசிவது டி.சி.யாகவும் இருக்கலாம், அதை இந்த டைப் பார்க்காது. டி.சி. கலந்தால், பார்க்க வேண்டியதையும் பார்க்காமல் போகலாம். எனக்கு விழுகிற ஈ.எல்.சி.பி.யைவிட விழ மறுப்பதுதான் பயம். இன்வெர்ட்டர்களைத் தனியாகப் பிரித்து டைப் பி போடச் சொல்லி, விலையோடு எழுதிக் கொடுத்தேன். விலையைப் பார்த்ததும் முகம் மாறியது. பையன் அதற்குள் மொப்பு கொண்டுவந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த திங்கள் காலை ஏழு மணிக்குச் சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. விழவில்லையாம்.

"ஆனா தம்பி, கால் மணி முன்னாடியே ஒரு ஆள் வரணுமே, அந்த ஓவர்டைம யாரு குடுக்குறது?"