வைரஸுக்குப் பின் வரும் தொற்று

கடுமையான வைரஸ் தொற்றினால் நுரையீரல் செயலிழந்து செயற்கைச் சுவாச இயந்திரத்தின் துணையோடு உயிர்வாழும் நோயாளியைப் பராமரிப்பதில், வைரஸை எதிர்கொள்வதை விடவும் கடினமான பணி, அதைத் தொடர்ந்து வரும் பற்றீரியாத் தொற்றை உரிய வேளையில் இனங்காண்பதாகும். 2020 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் முதல் கொவிட்-19 நோயாளி இனங்காணப்பட்டதிலிருந்து 2021இல் டெல்டா திரிபு நாடெங்கும் பரவியது வரை, குடாநாட்டு மக்கள் கட்டில்களைப் பற்றியும் ஒட்சிசனைப் பற்றியுமே கவலைப்பட்டனர். சுவாசக் குழாய் செலுத்தப்பட்டு ஒரு வாரம் கடந்தவரின் நுரையீரலில் நிகழ்வது, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிவோர் மட்டுமே அறிந்த கவலையாக இருந்தது.

குழாய் செலுத்தப்பட்டு 48 மணித்தியாலங்களுக்குப் பின் தோன்றும் நியூமோனியாவே சுவாச இயந்திரம் சார்ந்த நியூமோனியா எனப்படுகின்றது. குரல்நாண்களுக்கிடையே குழாய் நிற்பதால் அவை மூடுவதில்லை. மயக்க மருந்தினால் இருமல் அடங்குகின்றது. குழாயைச் சுற்றியுள்ள காற்றுப்பைக்கு மேலே தேங்கும் உமிழ்நீர், கிருமிகளோடு சிறிது சிறிதாகக் கீழே கசிகின்றது. சளியை மேல்நோக்கித் தள்ளும் நுண்பிசிர்களை வைரஸ் ஏற்கெனவே அழித்திருக்க, சுவாச இயந்திரத்தில் இருந்த கொவிட் நோயாளரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தும், உயிர்காக்கும் அதே வேளையில் நோயெதிர்ப்பைத் தணிக்கின்றது. 1918இன் இன்புளுவென்சாப் பெருந்தொற்றிலும் பெரும்பாலான இறப்புகளுக்கு இத்தகைய இரண்டாம் தொற்றே காரணம் என்பதைப் பேணப்பட்ட நுரையீரல் திசுக்களின் மறுஆய்வு காட்டியது.

இனங்காண்பதிலேதான் இத்தொழிலின் முழுக் கடினமும் உள்ளது. வழமையான அடையாளங்கள் எவையும் இங்கு நம்பத்தக்கவை அல்ல: எக்ஸ்றே படம் வைரஸினால் முன்னரே வெண்மையாகியிருக்கும், காய்ச்சலை ஸ்டீரொயிட் மறைக்கும், வெண்குருதிக்கலங்களின் எண்ணிக்கையை அதே மருந்து உயர்த்தும். ஆகவே, சளியை உறிஞ்சி எடுக்கும் தாதியின் அவதானமே பல வேளைகளில் முதற்சான்றாகின்றது. நேற்று வெண்மையாகவும் நீர்த்தும் இருந்த சளி இன்று மஞ்சளாகித் தடித்திருப்பதையும், இரு நாட்களாகக் குறைந்துவந்த ஒட்சிசன் தேவை காரணமின்றி மீண்டும் ஏறுவதையும் அவர் கூறும்போது, வைத்தியர் வேறெதையும் விட அதற்கே செவிசாய்க்க வேண்டும். அதன்பின் நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடங்குமுன் சளி மாதிரி ஆய்வுகூடத்துக்குச் செல்ல வேண்டும். மருந்து முந்திவிட்டால் வளர்ப்புச் சோதனை வெறுமையாகத் திரும்பக்கூடும். மாதிரியில் கிருமி வளர்ந்தாலும் அது தொற்றாகிவிடாது. நோய் விளைவிக்காமல் குழாயில் குடியேறிய கிருமியாகவும் அது இருக்கலாம் என்பதால், வளர்ச்சியின் அளவையும் நோயாளியின் நிலையையும் சேர்த்தே தீர்ப்புக் கூற வேண்டியுள்ளது.

2024 டிசம்பரில், பெருமழைக்குப் பின்னர் குடாநாட்டில் இனங்காணப்படாத காய்ச்சலொன்று சுவாசச் சிக்கல்களோடு உயிர்களைப் பறித்து, பின்னர் பற்றீரியாவால் வரும் எலிக்காய்ச்சல் என உறுதியானபோது, வைரஸையும் பற்றீரியாவையும் தோற்றத்தால் மட்டும் பிரித்தறிய இயலாமை மறுபக்கத்திலிருந்தும் தெளிவாயிற்று. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் டெங்குவும் அதே விடுதிகளை நிரப்புவதால், இக்குழப்பம் அங்கு புதியதன்று.

தேவையற்ற மருந்தும் கேடே விளைவிக்கும். அளவுக்கு மீறிய நுண்ணுயிர்க்கொல்லிப் பாவனை, கிளெப்சியெல்லா, அசினெற்றோபக்டர் போன்ற பற்றீரியாக்களில் கார்பபெனெம் வகை மருந்துகளையும் எதிர்த்து நிற்பவற்றைப் பெருகச் செய்கின்றது. அப்போது எஞ்சுவது பெரும்பாலும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கொலிஸ்ரினே. மறுபுறம், சிக்காகோவின் நோர்த்வெஸ்ரேர்ண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய நியூமோனியா சிகிச்சையால் தீராதோரிடையே இறப்பு மிகுந்திருப்பதைக் காட்டியது. ஆகவே தொற்றே நேராதவாறு காக்கும் எளிய செயல்களுக்கு, இயந்திரத்துக்கு அளிக்கும் மதிப்பை அளித்தாக வேண்டும்: கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்துதல், காற்றுப்பையின் அழுத்தத்தைச் சரிபார்த்தல், வாயைத் தூய்மையாக்குதல், நாள்தோறும் மயக்க மருந்தைக் குறைத்துத் தானாகச் சுவாசிக்க இயலுமா எனப் பார்த்தல், ஒரு நோயாளியிடமிருந்து மற்றவரிடம் செல்லுமுன் கைகழுவுதல். நோயாளியைக் குப்புறக் கிடத்தியிருக்கும் நீண்ட மணித்தியாலங்களில் வாய்ப் பராமரிப்பு மிகவும் சிரமமாவதால், அவ்வேளையில் தாதியருக்கு இன்னொருவரின் துணை கட்டாயம் வேண்டும். சிகிச்சை தொடங்கியபின் வளர்ப்புச் சோதனையின் முடிவு வந்ததும் மருந்தைக் குறுகிய வீச்சுடையதாக மாற்றுவதும், நோயாளி தேறிவந்தால் ஏறத்தாழ ஏழாம் நாளில் அதை நிறுத்துவதும், தொடங்குவதற்கு வேண்டியதைக் காட்டிலும் அதிக துணிவை வைத்தியரிடம் கோருகின்றன.