ஜெராய் தொப்பி போட்ட காலை

"மலையைப் பார்க்கக் காசு கட்டினியா? ஏம்மா, பதினோரு வயசு வரைக்கும் தினம் ஓசியிலதானே பார்த்தே?"

அப்பா கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு பகல், ஓர் இரவு, 380 ரிங்கிட். குனோங் ஜெராயில் இயற்கைக் காட்சிகளைப் படம் எடுக்கக் கற்றுத்தரும் பட்டறை. மெர்கோங் தொழிற்பேட்டையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு அது சின்னத் தொகை இல்லை. கேமரா வாங்கிய கடனே இன்னும் நான்கு மாதம் பாக்கி.

அப்பாவிடம் நான் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் தோட்டத்தின் படம் ஒன்றுகூட இல்லை. அவர்களுடைய கல்யாணப் படம் இருக்கிறது. நான் முதலாம் ஆண்டு படித்தபோது எடுத்த வகுப்புப் படம் இருக்கிறது. நாங்கள் வாழ்ந்த லயம், பால் கொட்டகை, அம்மன் கோயில் எதுவும் இல்லை. குருணுக்கும் பீடோங்குக்கும் இடையில் இருந்த அந்த ரப்பர் தோட்டம் தொண்ணூறுகளில் கைமாறியது. நாங்கள் அலோர்ஸ்டாருக்கு வந்துவிட்டோம். மலைமேல் ஏறிப் பார்த்தால் அந்த இடம் தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

கெடாவில் வெள்ளியும் சனியும்தானே வார விடுமுறை. வெள்ளி பிற்பகல் குருணிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் வேன் கிளம்பியது. பத்துப் பேர். சுங்கைப்பட்டாணி ஆசிரியை ஒருவர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர், மற்றவர்கள் இளையவர்கள். பயிற்சி கொடுத்தவர் பினாங்குக்காரர். எல்லாரும் அவரை 'சீஃபூ' என்றே கூப்பிட்டோம்.

ஜெராயின் உயரம் 1,217 மீட்டர். உலகக் கணக்கில் பெரிய மலை இல்லை. ஆனால் சமவெளியில் தன்னந்தனியாக எழுந்து நிற்பதால் எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படும். அந்தக் காலத்து மாலுமிகளுக்கு இதுதான் அடையாளம். அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1025-இல் ராஜேந்திர சோழனின் படை வந்த கடாரம் இந்தப் பக்கம்தான். கப்பலில் வந்த தமிழர்கள் மேற்கே கடலிலிருந்து இந்த மலையைப் பார்த்திருப்பார்கள். நாங்கள் கிழக்கே ரப்பர் மரங்களுக்கு நடுவிலிருந்து பார்த்தோம்.

முதல் பாடம் மாலை ஆறரைக்கு. மேற்கே கடல், கீழே யான் பக்கத்து வயல்கள். விதைப்புக்காகத் தண்ணீர் பாய்ச்சியிருந்ததால் வயலெல்லாம் கண்ணாடிபோல் இருந்தது. வடக்கே அலோர்ஸ்டார்வரை விரிந்த சமவெளி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டப்பட்ட வான் மாட் சமான் கால்வாய், அலோர்ஸ்டாரிலிருந்து இந்த மலையடிவாரம்வரை வருகிறது. "பார்க்கிறவர் கண்ணைப் படத்துக்குள் இழுத்துப்போக இப்படி ஒரு கோடு வேண்டும்" என்றார் சீஃபூ.

கேமராவை முக்காலியில் பொருத்தி, ஐஎஸ்ஓ 100, எஃப் 11 வைக்கச் சொன்னார். வானத்தின் வெளிச்சத்தையும் தரையின் இருட்டையும் கேமராவால் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. அதனால் ஒரே காட்சியை மூன்று முறை, ஒன்று சரியாக, ஒன்று இருட்டாக, ஒன்று வெளிச்சமாக எடுத்துப் பிறகு சேர்க்க வேண்டும். "முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, தூரத்தில் ஒன்று இருக்கட்டும். முன்னால் ஒன்றும் இல்லாத படம் வெறும் அஞ்சலட்டை" என்றார்.

சூரியன் கடலில் இறங்கும்போது எங்கள் தலைக்கு மேலே மேகம் திரண்டது. அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"தெரியும். வீட்டுக்குப் பின்னால வயல் ஓரம் போய்ப் பார்த்துட்டுதான் வர்றேன். ஜெராய் தொப்பி போட்டிருக்கு. கழுத்து வரைக்கும் இறங்கிடுச்சு. விடியும்போது உனக்கு ஒண்ணும் தெரியாது. ஒன்பதரைக்கு மேலதான் கழட்டும்."

பிறகு கேட்டார்: "மேல ரொம்பக் குளிருதா?"

முப்பத்தாறு வருடம் அந்த மலையடிவாரத்தில் பால் மரம் வெட்டியவர். ஒருமுறைகூட மேலே வந்ததில்லை. "மலைமேல நமக்கு என்ன வேலை" என்பார். ஆனால் மாலை தவறாமல் மலையைப் பார்ப்பார். பட்டை நனைந்துவிட்டால் பால் கோப்பையில் விழாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். மழை என்றால் வேலை இல்லை, மாதக் கடைசியில் சம்பளத்தில் துண்டு விழும். எங்கள் மளிகைக் கடன் அந்தத் தொப்பியின் உயரத்தில்தான் இருந்தது.

சனிக்கிழமை ஆறு மணிக்கு இருட்டில் வரிசையாக முக்காலிகளை நிறுத்தினோம். எனக்கு முதல் அடி லென்சிலேயே விழுந்தது. இரவெல்லாம் குளிர்சாதன அறையில் வைத்திருந்த கேமராவை ஈரக்காற்றில் எடுத்ததும் கண்ணாடி முழுக்க ஆவி. பைக்குள்ளேயே வைத்து, அரை மணி நேரம் முன்னால் வெளியே கொண்டுவந்திருக்க வேண்டுமாம். நீங்கள் போனால் மறக்காதீர்கள்.

துடைத்து முடித்தும் பயனில்லை. விடிந்தது. பக்கத்தில் நின்றவர்கூடத் தெரியவில்லை. கடற்காற்று ஈரத்தோடு வந்து மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மேகமாகிறது என்று சீஃபூ விளக்கினார். அப்பாவின் தொப்பிக்கு அறிவியல் இதுதான். எட்டரைக்கு எல்லாரும் நாசி லெமாக் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் மட்டும் கிழக்கே பார்த்த சாலைத் திருப்பம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது நாற்பதுக்கு மேகம் கிழிந்தது. கீழே நெடுஞ்சாலை, ரயில் தண்டவாளம், செம்பனை, வரிசை வரிசையாக வீட்டுக் கூரைகள். ரப்பர் மரம் எங்கும் தெரியவில்லை. தண்டவாளத்தை வைத்துக் கணக்குப் போட்டு, இங்கேதான் என்று ஓரிடத்தைக் குறிவைத்து எடுத்தேன். கைகள் நடுங்கின. முக்காலி இருந்ததால் பிழைத்தேன்.

பிற்பகலில் எல்லார் படங்களையும் திரையில் போட்டுப் பேசினோம். என் படம் வந்ததும் சீஃபூ தயங்கினார். "ஒளி தட்டையாக இருக்கிறது. முன்னால் ஒன்றும் இல்லை. ஏன் எடுத்தீர்கள்?"

சொன்னேன். அறை அமைதியானது. "இதை அழிக்காதீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரிவது மற்றவர்களுக்குத் தெரியவில்லை" என்றார். பொய்யாகப் பாராட்டியிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்.

அன்று இரவு மெர்கோங் வீட்டில், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா இது நம்ம தோட்டம் இல்லியே. பக்கத்துத் தோட்டம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்பா திரையைவிட்டு விரலை வலப்பக்கம் நகர்த்தி, மேசைமேல் ஊன்றினார். "நம்ம லயம் இங்க வரும்."

கண்ணாடிக் கூட்டை எடுத்து அங்கே வைத்தார். அது லயம். தேநீர்க் குவளை கோயில். உப்புச் சாடி பால் கொட்டகை. இரண்டு கரண்டிகளை நீட்டி வைத்து, மரத்துக்குப் போகும் பாதை என்றார். அம்மா வந்து குவளையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "கோயில் கிணத்துக்கு இந்தப் பக்கம்" என்று இருவருக்கும் சண்டை.

நான் முக்காலியைத் தேடவில்லை. கைப்பேசியை எடுத்து மேசையைப் படம் பிடித்தேன். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே தோட்டப் படம் அதுதான்.

"அப்பா, அடுத்த மாசம் நாம ரெண்டு பேரும் மேல போவோம். நீங்களே காட்டுங்க."

மலைமேல் நமக்கு என்ன வேலை என்பார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல் நாள் சாயங்காலம் மலையைப் பார்த்துட்டுச் சொல்றேன்."