காளி நாக்கும் இங்கிலீஷ் நோட்டும்

உறையூர் வெக்காளியம்மன் கோயில். ஆடி வெள்ளி. கருவறைக்குக் கூரை இல்லாத அம்மன் என்பதால் வெயிலில் நிற்கிறோமே என்று அவளிடம் குறைப்பட்டுக்கொள்ளவும் முடியாது. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பையன் கறுப்பு டி-ஷர்ட் போட்டிருந்தான். முதுகு முழுக்க ஒரு சிவந்த வாய். தடித்த உதடுகளுக்கு நடுவிலிருந்து வெளியே தொங்கும் நாக்கு.

அத்தை என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "யாருடா இந்தப் பிள்ளையாண்டான்? காளி நாக்கைப் பனியன்ல போட்டுண்டு வந்திருக்கான்!"

அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. ரோலிங் ஸ்டோன்ஸ் என்றால் அம்மிக்கல் கொத்துகிறவர்கள் என்றுதான் நினைப்பாள். ஆனால் அவள் சொன்னது அட்சர சுத்தமாகச் சரி. 1970-ல் மிக் ஜாகர் தன் குழுவுக்கு ஒரு சின்னம் வேண்டுமென்று லண்டன் ராயல் கலைக் கல்லூரி மாணவர் ஜான் பாஷைக் கூப்பிட்டுக் காட்டியது ஒரு காளி படத்தைத்தான். பாஷின் கண்ணில் பட்டது நாக்கு. வரைந்து கொடுத்தார், கூலி 50 பவுன். 1971-ல் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' இசைத்தட்டோடு அந்த நாக்கு உலகம் சுற்றக் கிளம்பியது. 2008-ல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் மூலப் படத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. கடைசியில் அது சிங்காரத்தோப்பு வழியாக உறையூருக்கு வந்து, ஒரு அம்மன் சன்னதியில் வரிசையிலும் நிற்கிறது.

ஆவல் தாங்காமல் பையனைக் கேட்டேன். "தம்பி, இது எந்த பேண்ட் தெரியுமா?"

அவன் திரும்பி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பேன்ட் இல்ல சார், டி-ஷர்ட்."

இந்தப் பதில் நாற்பது வருஷத்துக்கு முன்னால் கிடைத்திருந்தால் எவ்வளவோ தொண்டைத் தண்ணீர் மிச்சமாகியிருக்கும். 1985 வாக்கில் ஸ்ரீரங்கத்தில், மொட்டையாக நின்ற ராயகோபுரத்தின் மேல் சாரம் கட்டி நிலை நிலையாக எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில், கீழச் சித்திரை வீதித் திண்ணை ஒன்றில் நானும் என் சிநேகிதனும் தினமும் சண்டை போட்டோம். நான் பீட்டில்ஸ் கட்சி. அவன் ஸ்டோன்ஸ் கட்சி. யார் பெரியவர், யாருடைய பாட்டு நிற்கும், உலகத்தை யார் அதிகம் மாற்றியது?

இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவதற்கு ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வடகலைக்குக் குரங்குக் குட்டி, தென்கலைக்குப் பூனைக் குட்டி. குரங்குக் குட்டி தாயை இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டி சும்மா கிடந்தால் போதும், தாயே கவ்விக்கொண்டு போகும். பகவானை அடைவதற்கான இந்தக் கணக்கை நாங்கள் கூசாமல் லிவர்பூலுக்கும் லண்டனுக்கும் போட்டோம். பீட்டில்ஸ் பூனை: மெட்டே வந்து நம்மைக் கவ்விக்கொண்டு போய்விடும். ஸ்டோன்ஸ் குரங்கு: அந்த இரைச்சலுக்குள் நாமாகத் தாவிப் பிடித்துத் தொங்க வேண்டும். (தென்கலைக் கோயிலுக்கு 236 அடி ராஜகோபுரத்தை எழுப்பி 1987-ல் கும்பாபிஷேகம் செய்து வைத்தவர் வடகலை அகோபில மடத்து ஜீயர் என்பது அப்போது எங்கள் மண்டையில் ஏறவில்லை.)

இவ்வளவு வாதத்துக்கும் மூலதனம் ஆளுக்கு ஒரு கேசட். தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, காலி சி-60 கேசட்டையும் கொடுத்துவிட்டு வந்தால், நாலு நாள் கழித்துப் பதிந்து தருவார்கள். என் கேசட்டின் முதுகில் கடைக்காரர் பச்சை மையில் 'பாட்டில்ஸ்' என்று எழுதியிருந்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவருக்கு டேப் வீணாவது பிடிக்காது. என் பட்டியல் தீர்ந்த பிறகு முதல் பக்கத்தில் மூன்று நிமிஷம் மிச்சமிருந்ததால், கேட்காமலே சீர்காழி கோவிந்தராஜனின் முருகன் பாட்டு ஒன்றைப் போட்டு நிரப்பிவிட்டார். ஜான் லென்னன் தேய்ந்து அடங்கும்போது கணீரென்று சீர்காழி எழுவார். சிநேகிதன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் கேசட்டின் கடைசியில் போனி எம் இருந்தது. அது ஜெர்மனியில் உருவான குழு என்பதும் எங்களுக்குத் தெரியாது. எல்லாம் இங்கிலீஷ் பாட்டு, அவ்வளவுதான்.

திண்ணையின் மறு கோடியில் அவன் தாத்தா. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெற்றிலைச் செல்லமும் விசிறியுமாக, எங்கள் சண்டையைச் செவிடர் மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் தொண்டை கிழிய, "இங்கிலீஷ் பேண்டுக்கு இந்த ஊர் ஜனங்கள் எழுந்து நின்று கத்தப்போவதில்லை, அது வேறே நாகரிகம்" என்றோ என்னவோ உளறினேன். தாத்தா விசிறியைக் கீழே வைத்தார்.

"கத்தினோமேடா" என்றார்.

திருச்சியில் ஒரு ராமநவமிக் கச்சேரி. மதுரை மணி அய்யர். சாயங்காலம் தொடங்கினது மணி பத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. ராகம், தானம், பல்லவி எல்லாம் ஆகிவிட்டது. கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாயிற்று. ஆனால் ஒருவரும் நகரவில்லை. பின்வரிசையில் பந்தக்கால் ஓரத்திலிருந்து ஒரு குரல்: "நோட்டு!" இன்னொரு மூலையிலிருந்து "நோட்டு, நோட்டு!" பிறகு பந்தல் முழுக்க. மணி அய்யர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவாராம். பிறகு ஆரம்பிப்பார்: இங்கிலீஷ் நோட்டு. முத்தையா பாகவதர் செய்தது. சாகித்யமே கிடையாது, வெறும் ஸ்வரம். வெள்ளைக்காரன் பேண்ட் நடைபோட்டுப் போகிற மாதிரி, காலைத் தூக்கித் தூக்கி வைக்கிற ஸ்வரம். மிருதங்கக்காரர் அதுவரை பிடித்த தாளத்தை விட்டுவிட்டு ஏதோ படைக்கு முரசு அடிப்பது போல அடிப்பார். தாத்தா எங்களுக்கு அதைப் பாடிக் காட்டினார். பல் இல்லாத வாய், அதில் வெற்றிலை வேறு; 'ஸ'வும் 'ப'வும் தெறித்து என் சட்டையில் விழுந்தன. வலது கால் தானாகத் திண்ணையைத் தட்டிக்கொண்டிருந்தது. எழுபத்தைந்து வயதுக்காரர் ஒரு ராக் கச்சேரிக்குப் போய்வந்தவராக எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருவரும் அதுவரை ஒன்றுக்கும் போனதில்லை.

"இதுக்கே இப்படின்னா, தீட்சிதரே செஞ்சிருக்கார் தெரியுமா?" என்று இன்னொரு வெற்றிலையைக் கிழித்தார்.

பிறகு நானாகத் தேடிப் படித்துக்கொண்டது: முத்துசாமி தீட்சிதர் சென்னைப் பக்கம் மணலியில் இருந்த காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கும்பெனி பேண்ட் வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார். நோட்டு ஸ்வரங்கள் என்று பெயர்; சுமார் நாற்பது. எல்லாம் சங்கராபரணம். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டே ஒன்றில் அம்பாள் பாட்டாக உட்கார்ந்திருக்கிறது. பிருந்தாவன சாரங்காவில் நம் ரங்கநாதரைப் பாடிய அதே தீட்சிதர்தான். ஆக, தமிழ்நாட்டைப் பாதித்த முதல் பிரிட்டிஷ் பேண்டுக்கு நீள முடியும் கிடையாது, மின்சார கிதாரும் கிடையாது. சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

நானும் சிநேகிதனும் இத்தனை நாள் கட்டிப் புரண்டது வீண் என்று எனக்குப் பட்டது இங்கேதான். பீட்டில்ஸ் நிலைப்பார்களா என்று யாராவது வாதாடிக்கொண்டிருக்கும்வரை அவர்கள் இன்னும் விருந்தாளிகள்தான். வீட்டு மனுஷர் ஆனவரைப் பற்றி யார் வாதாடுகிறார்கள்? கொள்ளிடத்தைத் தாண்டினால் லால்குடி. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் வயலின் காதில் விழுகிறது. அது அன்னிய வாத்தியம் என்று யாருக்காவது தோன்றுகிறதா? அதை இங்கே முதலில் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் தீட்சிதரின் தம்பி பாலுசாமி. சொல்லிக்கொடுத்தவர் சென்னையிலிருந்த ஒரு ஐரோப்பியர். கிளாரினெட் இன்னும் பச்சையாக பேண்ட் வாத்தியம். பட்டாளத்தோடு வந்தது, சதிருக்கு ஊதியது, கல்யாண ஊர்வலத்தில் நடந்தது. அதைக் கையில் எடுத்துத் தவிலைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாகஸ்வரக்காரர்களையே திரும்பிப் பார்க்க வைத்தவர் நம் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். 2008-ல் சங்கீத கலாநிதி. அவர் தோடி வாசிக்கும்போது 'மேற்கத்தியத் தாக்கம்' என்று யாராவது முணுமுணுத்தால் பக்கத்து நாற்காலிக்காரர் முறைப்பார்.

சிநேகிதன் பிஷப் ஹீபர் கல்லூரியில் படித்தவன். மூன்று வருஷம் அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே நுழைந்து வெளியே வந்தவன், உலகம் முழுக்க நிற்கிற பாட்டை எழுதிய இங்கிலீஷ்காரனைத் தேடி லண்டன் வரைக்கும் போய்க்கொண்டிருந்தான். ரெஜினால்ட் ஹீபர், 'ஹோலி, ஹோலி, ஹோலி' கீதத்தை எழுதியவர், 1826 ஏப்ரல் 3-ம் தேதி திருச்சியில் குளிக்கப் போன தொட்டியில் இறந்தார். 42 வயது. புனித யோவான் ஆலயத்தில் புதைத்திருக்கிறார்கள். அவருடைய பாட்டை இந்த ஞாயிற்றுக்கிழமையும் எத்தனையோ நாடுகளில் பாடுவார்கள். பாடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஹீபரையும் தெரியாது, திருச்சியையும் தெரியாது.

அவன் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. 2003-ல் ஸ்டோன்ஸ் பெங்களூருக்கு வந்தபோது ராத்திரி பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஜாகர் கட்டைவிரல் உயரத்துக்குத் தெரிந்தாராம். பல வருஷம் கழித்து ஒரு ராத்திரி போன் செய்து, "உங்க பீட்டில்ஸோட பழைய டிரம்மர் பீட் பெஸ்ட் எங்கே பிறந்தான் தெரியுமா? மெட்ராஸ்ல, 1941. உங்காளுங்க பிரபலம் ஆகப்போற நேரத்துல, 1962-ல, அவனைக் கழட்டி விட்டுட்டு ரிங்கோவை உட்கார வெச்சாங்க. மெட்ராஸ்காரனுக்குத் துரோகம் பண்ணினவங்களைக் கொண்டாடுறியே, வெட்கமா இல்ல?" என்றான். நியாயமான அடி. அன்று எனக்குப் பதில் வரவில்லை.

கோயிலிலிருந்து திரும்பியதும் அவனுக்குப் போன் செய்து அத்தை சொன்னதைச் சொன்னேன். "பாத்தியா, அத்தையே நம்ம கட்சி" என்று குதித்தான். அத்தையிடம் போனைக் கொடுத்தேன். காளி படத்தைப் பார்த்துப் போட்டதுதான் என்று அவன் விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதான் நான் அங்கேயே சொன்னேனே" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

நான் கட்சி மாறுவதாக இல்லை. இன்றைக்கும் எனக்கு பீட்டில்ஸ்தான். செல்போனில் துல்லியமாகக் கேட்கிறது. பாட்டு முடிந்ததும் சீர்காழி வராததுதான் குறை.